ஏடறியாத வேந்தரும் வெடிமருந்தும்: ஹைதர் அலியின் வாழ்விலிருந்து ஒரு பார்வை

கடலூரிலே குண்டு சாலை என்றொரு சாலை உண்டு. நாள்தோறும் அவ்வழியே செல்லும் மாணவ மணிகளுள் எத்துணைப் பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பர் என்பது ஐயமே. 1690 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் தங்களுக்கு உரியது என்பதை அளக்க அவர்கள் கயிறும் கொண்டுவரவில்லை, கோலும் கொண்டுவரவில்லை. பீரங்கி ஒன்றைக் கொணர்ந்து நாற்றிசையும் சுட்டனர். குண்டு விழுந்த இடம் வரை கம்பெனியின் எல்லை ஆயிற்று. குண்டு கிராமங்கள் என்னும் பெயர் அவ்வாறே பிறந்தது. நம் மண்ணின் எல்லையை வெடிமருந்து அளந்த கதை இது.

அவ்வாறு மருந்தால் அளக்கப்பட்ட மண்ணிலே, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, மருந்தின் தன்மையை உள்ளங்கை நெல்லியென அறிந்த ஒருவர் வந்து நின்றார். அவரே மைசூர் ஆண்ட நவாப் ஹைதர் அலி. அவர்தம் வாழ்வைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கு அவ்வாழ்வை வெடிமருந்து என்னும் ஒரு பொருளின் வழியாகவும், கடலூர், சிதம்பரம், பறங்கிப்பேட்டை என்னும் நம் ஊர்களின் வழியாகவும் காண முற்படுகிறோம்.

வாணப்படை வீரரின் மைந்தர்

ஹைதர் அலி ஏறத்தாழ 1720 ஆம் ஆண்டில் கோலார்ப் பகுதியைச் சார்ந்த பூதிக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் பெயர் பத்ஹ் முஹம்மத். அவர் ஆர்க்காட்டு நவாபின் படையில் வாணம் ஏவும் வீரர் ஐம்பதின்மருக்குத் தலைவராகப் பணியாற்றியவர் என்பர். அந்நாளைய வாணம் மூங்கிற்குழலில் மருந்தடைத்துச் செய்யப்பட்டது. தந்தை போரில் மாண்டபோது ஹைதர் சிறுவர். வறுமை குடும்பத்தைச் சூழ்ந்தது. பள்ளிக்குச் சென்று எழுத்துப் பயிலும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பிற்காலத்தில் பெருநாட்டை ஆண்டபோதும் அவர் எழுதவோ படிக்கவோ அறியாதவராகவே இருந்தார். ஆயினும் கேட்டதை மறவாத நினைவாற்றலை இறைவன் அவருக்கு வழங்கியிருந்தான். கணக்கர் வாசிக்கக் கேட்டே வரவு செலவில் நேர்ந்த பிழையைச் சுட்டிக்காட்ட வல்லவராக விளங்கினார்.

தமையனார் ஷாபாஸுடன் மைசூர் உடையாரின் படையிற் சேர்ந்த ஹைதர், 1749 ஆம் ஆண்டு தேவனஹள்ளி முற்றுகையில் வீரத்தால் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டில் அவர் வந்து சேர்ந்த இடம் நம் தென்னார்க்காட்டுச் சீமை. 1750 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங் கொல்லப்பட்டார். அக்குழப்பத்தில் அவருடைய கருவூலத்தின் ஒரு பகுதி ஹைதரின் ஆட்கள் கையில் அகப்பட்டது. பிறராயின் அப்பொன்னை அணிகலனாக்கியிருப்பர். ஹைதரோ துப்பாக்கிகளைச் சேர்த்தார்; பிரெஞ்சுப் படையிலிருந்து விலகி வந்தோரைப் பணியில் அமர்த்திக்கொண்டார். ஐரோப்பியர் சிறு படை கொண்டு பெரும்படையை வெல்வதை அவர் கண்ணாரக் கண்டவர். அணிவகுப்பு ஒழுங்கும், ஒரே சீராக வெடிக்கும் மருந்துமே அவ்வெற்றிக்குக் காரணம் என உணர்ந்தவர்.

திண்டுக்கல்லில் கற்ற பாடம்

1755 ஆம் ஆண்டில் திண்டுக்கல் பௌஜ்தாராக ஹைதர் அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுப் பொறியாளரைக் கொண்டு அங்கே பீரங்கியும் படைக்கலமும் செய்யும் சாலை ஒன்றை நிறுவினார். ஏட்டுக் கல்வி பெறாத அவருக்கு அச்சாலையே கல்லூரியாயிற்று எனலாம்.

வெடிமருந்தின் கூட்டுப் பொருள்கள் மூன்று. பொட்டிலுப்பு எனவும் வெடியுப்பு எனவும் நம்மவர் வழங்கும் உப்பு ஒன்று, கந்தகம் மற்றொன்று, மரக்கரி பிறிதொன்று. பெயரளவில் மருந்து ஒன்றேயாயினும் பயனளவில் அது பலவாகும். பீரங்கிக்கு உரியது பருமணி மருந்து. அது சற்றே மெதுவாக எரிந்து கனத்த குண்டை உந்தித் தள்ளும். கைத்துப்பாக்கிக்கு உரியது சிறுமணி. பற்றவைக்கும் துளையில் இடுவது அதனினும் நுண்ணியது. வாணத்துக்கு உரிய மருந்தோ ஒரே கணத்தில் வெடித்துவிடலாகாது. குழல் பறக்கும் தொலைவு முழுதும் நின்று எரிதல் வேண்டும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டால் குண்டு பாதி வழியில் விழும், அல்லது படைக்கலமே பிளந்து ஏந்தியவன் உயிரைக் குடிக்கும். ஆதலின் மருந்தைத் தேர்தல் என்பது உயிரைக் காக்கும் கலையாயிற்று. அக்காலப் படைவீரன் ஒவ்வொரு முறையும் தாளில் பொதிந்த மருந்தைத் தானே குழலில் இட்டு, குண்டை இடித்துச் செலுத்திச் சுடவேண்டியிருந்தது. தன் கையில் உள்ள மருந்தின் தரத்தை அவன் நம்பியே போருக்குச் சென்றான்.

இம்மூன்று பொருள்களும் எங்கிருந்து வந்தன என்பதும் சிந்திக்கத்தக்கது. உலகிலேயே சிறந்ததெனக் கருதப்பட்ட வெடியுப்பு பீகாரில் விளைந்தது. 1757 ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப் பின் அவ்வணிகம் ஆங்கிலக் கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆங்கிலேயர் நிகழ்த்திய போர்களுக்கே பாட்னாவின் உப்பு கப்பலேறிச் சென்றது. பிரெஞ்சுக்காரரோ அதனைப் பெற ஆங்கிலேயரை எதிர்நோக்கி நிற்க நேர்ந்தது. உள்நாட்டு அரசாகிய மைசூருக்கு அவ்வழி அடைபட்டது. எனினும் தென்னாட்டு மண்ணிலேயே உப்பு உண்டு. பழைய ஊர்களின் மண்மேட்டிலும் மாட்டுத்தொழுவத்தின் சுவரோரத்திலும் பூத்த உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்துக் காய்ச்சி உப்பெடுக்கும் தொழிலை உப்பிலியர் முதலிய எளிய மக்கள் வழிவழியாகச் செய்துவந்தனர். வேந்தர் பெயர் ஏட்டில் நிற்கிறது. அவர்தம் பீரங்கிக்கு உப்பெடுத்த கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கந்தகமோ நம் மண்ணில் அரிது. கடல் கடந்தே வரவேண்டும். பிற்காலத்தில் திப்பு சுல்தான் மஸ்கட்டில் வணிகச் சாலை அமைத்து வரவழைத்த பொருள்களுள் கந்தகமும் ஒன்று.

இரும்புக்குழல் வாணம்

தந்தையார் கையாண்ட மூங்கில்வாணத்தை மைந்தர் மறக்கவில்லை. மைசூர்ப் படையில் மூங்கிலுக்கு மாற்றாக இரும்புக்குழல் வந்தது. மூங்கிலுள் மருந்தை ஓரளவுக்கு மேல் இறுக்கி அடைத்தால் அது பிளந்துவிடும். இரும்போ மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே வாணம் நெடுந்தொலைவு சென்றது. ஒரு கிலோமீட்டரையும் கடந்தது. நீண்ட மூங்கிற்கழியில் அல்லது வாளில் அக்குழலைக் கட்டி ஏவினர். ஹைதரின் படையில் வாணம் ஏவுவோர் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். திப்புவின் காலத்தில் அத்தொகை 5,000 வரை உயர்ந்தது. 1799 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்களை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். வூல்விச்சில் காங்கிரீவ் என்பார் அவற்றை ஆராய்ந்து புதியன படைத்தார். 1807 ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரின்மீது பாய்ந்தவை அவ்வழி வந்த வாணங்களே.

அமெரிக்க நாட்டு வாலப்ஸ் தீவு விண்கல ஏவுதளத்திற்கு 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்குச் சென்ற நம் இராமேசுவரத்து ஏ.பி.ஜே. அப்துல் கலாம், அங்கே மைசூர்ப் படையினர் வாணம் ஏவும் ஓவியம் ஒன்று மாட்டப்பட்டிருக்கக் கண்டு வியந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். சொந்த நாட்டார் மறந்ததை அயல்நாட்டார் சுவரில் மாட்டி வைத்திருந்தனர். 2018 ஆம் ஆண்டில் கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், பாழ்பட்ட கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக்குழல் வாணங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவ்வூரே 1763 ஆம் ஆண்டில் ஹைதர் வென்று தம் பெயரால் ஹைதர் நகர் என வழங்கிய பெத்னூர் ஆகும்.

மீறப்பட்ட உடன்படிக்கை

1761 ஆம் ஆண்டில் மைசூரின் ஆட்சிப் பொறுப்பு முழுமையாக ஹைதரின் கைக்கு வந்தது. உடையார் மரபினரை அரியணையில் வைத்தே அவர் ஆண்டார். மைசூரின் தசராப் பெருவிழா தடையின்றி நடைபெற்றது. சிருங்கேரி மடத்துடன் அவர் மதிப்பான கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். பூர்ணய்யா போன்றோர் அவரிடத்தே உயர் பொறுப்பு வகித்தனர்.

1767 முதல் 1769 வரை நடந்த முதல் மைசூர்ப் போரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் பின்னடைவு கண்டார். எனினும் இறுதியில் விரைந்த குதிரைப்படையுடன் சென்னையின் வாயிலையே எட்டி, கம்பெனியாரைப் பணியவைத்தார். 1769 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒருவர் தாக்கப்படின் மற்றவர் துணைசெய்தல் வேண்டும். ஆயின் 1771 ஆம் ஆண்டில் மராட்டியர் மைசூரைத் தாக்கி ஹைதரைக் கடுமையாகத் தோற்கடித்தபோது கம்பெனியார் வாளாவிருந்தனர். அந்த ஏமாற்றம் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. 1779 ஆம் ஆண்டில், ஹைதரின் காப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமாகிய மாஹியை ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஐரோப்பியப் படைக்கலங்களும் மருந்தும் மைசூருக்கு வந்த வாயில் அது. வாயில் அடைபட்டதும் போர் மூண்டது.

1780: வெற்றியும் அழிவும்

1780 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஏறத்தாழ 80,000 பேருக்கு மேற்பட்ட படையுடன் ஹைதர் கணவாய் வழியே தமிழகத்துச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10 ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சூழப்பட்டது. அப்போரின் நடுவே பெய்லியின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மருந்தை இழந்த படை சுடும் ஆற்றலை இழந்தது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் அவ்வெடிப்பை இன்றும் காணலாம். சிறந்த மருந்தை வைத்திருந்தால் மட்டும் போதாது, அதனைக் காக்கும் அறிவும் வேண்டும் என்பதை ஆங்கிலேயர் அன்று கற்றனர்.

வெற்றியைப் போற்றும் நாம், அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. எதிரிக்கு உணவு கிடைத்தலாகாது எனக் கருதி ஹைதரின் குதிரைப்படை ஊர்களை எரித்தது. மக்கள் சென்னையை நோக்கி ஓடினர். 1782 ஆம் ஆண்டில் சென்னையைப் பெரும்பஞ்சம் வாட்டியது. கஞ்சி வார்க்க எழுந்த மணியக்காரர் சத்திரம் அப்பஞ்சத்தின் நினைவுச் சின்னம். நம் பறங்கிப்பேட்டையும் தப்பவில்லை. மஹ்மூது பந்தர் என முஸ்லிம்கள் வழங்கிய அத்துறைமுகத்தை 1780 ஆம் ஆண்டிலேயே ஹைதரின் இளைய மைந்தர் கரீம் கொள்ளையிட்டார். கொள்ளையிட்டவரும் முஸ்லிம், பொருள் இழந்த வணிகருள் பலரும் முஸ்லிம்கள். ஹைதர் எதிர்த்த ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலியும் முஸ்லிமே. அப்போரைச் சமயப் போர் எனக் கூறுவோர் இவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது நாடு பிடிக்கும் போர். அதன் சுமையைத் தாங்கியவர் எல்லாச் சமயத்து எளியோருமே.

சிதம்பரத்து மதிலும் பறங்கிப்பேட்டை மணலும்

1781 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி கடலூர் வந்து சேர்ந்தார். ஹைதரின் குதிரைப்படை சுற்றுப்புறத்தை வெறுமையாக்கியிருந்தமையால் உணவுக்குக் கடல்வழியை நம்பி அவர் மாதக்கணக்கில் அங்கே முடங்கினார். அவ்வேளை கடலூருக்கு நேரே பிரெஞ்சுக் கப்பற்படையும் தோன்றியது. அது சில நாள் நின்று கடலை அடைத்திருந்தால் கூட்டின் படை பட்டினியால் பணிந்திருக்கும். ஹைதர் வேண்டியும் பிரெஞ்சுத் தளபதி நிற்கவில்லை. பிப்ரவரியில் பாய்விரித்துப் போய்விட்டார்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களுள் ஹைதரின் காவற்படை நிலைகொண்டிருந்தது. அதற்கு முன்பும் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் அக்கோயிலைக் கோட்டையாகப் பயன்படுத்தினர். இறைவழிபாட்டுக்கு எழுந்த மதிலைப் பீரங்கி மேடையாக்கியது அந்நூற்றாண்டின் அவலம். யார் செய்தாராயினும் அதனைப் பெருமையாக நாம் எழுத இயலாது. அங்கே தானியம் சேமித்து வைக்கப்பட்டிருப்பதை அறிந்த கூட், ஜூன் 18 ஆம் நாள் இரவு தாக்கினார். ஊரின் புற அரண்களைக் கடந்து கோயில் மதிலை நெருங்கிய அவர்தம் படை, உள்ளிருந்தோர் கடுமையாக எதிர்க்கவே இழப்புடன் பின்வாங்கிப் பறங்கிப்பேட்டைக் கரையை அடைந்தது.

இவ்வெற்றியே ஹைதரின் தோல்விக்கு வித்தாயிற்று. அதுவரை அவர் நேர்நின்று பொருவதைத் தவிர்த்து, உணவை மறித்தும் வழியை அடைத்தும் எதிரியை வாட்டியவர். சிதம்பரத்துச் செய்தி கேட்டதும் கூட்டின் கதையை ஒரே போரில் முடித்துவிடலாம் என எண்ணினார். விரைந்து வந்து கடலூருக்கும் கூட்டுக்கும் இடையே அரண் அமைத்தார். 1781 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் போர் மூண்டது. கூட்டிடம் இருந்தோர் ஏறத்தாழ 8,000 பேர்; ஹைதரின் படையோ அதனைப் போல் பன்மடங்கு. ஹைதரின் பீரங்கிகள் நேரே வரும் எதிரியை எதிர்பார்த்து நின்றன. கூட் நேரே வரவில்லை. கடலோரத்து மணற்குன்றுகளின் மறைவில் வலப்புறமாகத் தம் படையைச் செலுத்தி, குன்றுகளினூடே இருந்த வழியில் புகுந்து ஹைதரின் பக்கவாட்டில் வெளிப்பட்டார். கடலில் நின்ற ஆங்கிலக் கப்பலும் கரையை நோக்கிச் சுட்டது. ஹைதரின் மைத்துனரும் பெருந்தளபதியுமாகிய மீர் சாஹிப் படுகாயமுற்று மாண்டார். ஆங்கிலேயர் தரப்பில் முந்நூறு பேர் அளவில் வீழ்ந்தனர். மைசூர்ப் படையின் இழப்பு பன்மடங்கு.

அன்று மேட்டு நிலத்தில் ஓர் இருக்கையில் அமர்ந்து போரைக் கவனித்த ஹைதர், தோல்வி உறுதியான பின்னும் எழ மறுத்தார் என வில்க்ஸ் எழுதிய வரலாறு கூறுகிறது. தளபதியர் எவரும் அவரை நெருங்க அஞ்சினர். நெடுநாள் ஊழியம் புரிந்த குதிரைக்காரர் ஒருவரே துணிந்து சென்று, அவர் காலில் செருப்பை மாட்டி, நாளை வென்றுகொள்ளலாம், இப்போது குதிரை ஏறுங்கள் எனக் கூறி எழுப்பினாராம். பேரரசரின் உயிரை அன்று காத்தது படைக்கலமன்று. எளியவர் ஒருவரின் அன்பு.

மருந்தைத் தேர்வதில் நிகரற்று விளங்கியவர் அன்று இடத்தையும் நேரத்தையும் தேர்வதில் பிழைத்தார். தாமே வகுத்த வெல்லும் வழியை ஒரு சிறு வெற்றியின் களிப்பில் கைவிட்டார். அவர் வாழ்வில் நாம் ஆழ்ந்து எண்ணத்தக்க இடம் இதுவேயாகும்.

இறுதி நாள்கள்

அவ்வாண்டிலேயே மீண்டும் பொள்ளிலூரிலும் சோளிங்கரிலும் போர்கள் நிகழ்ந்தன. தோற்றும் ஹைதர் துவளவில்லை. 1782 ஆம் ஆண்டு பிப்ரவரியில் திப்பு கொள்ளிடக்கரையில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையை முற்றாகச் சிறைப்பிடித்தார். மார்ச்சில் பிரெஞ்சுப் படை பறங்கிப்பேட்டையில் இறங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் ஆங்கிலேயர் கையிலிருந்து நழுவியது. ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் கடலூருக்கு அருகே ஹைதரை நேரிற் கண்டு அளவளாவினார். தரையின் வேந்தரும் கடலின் தளபதியும் சந்தித்த அந்நிகழ்ச்சி நம் மாவட்ட வரலாற்றில் பொறிக்கத்தக்கது.

ஆயினும் காலம் இடந்தரவில்லை. முதுகில் தோன்றிய பிளவைக் கட்டியால் நலிவுற்ற ஹைதர், 1782 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறையடி சேர்ந்தார். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும் வரை அமைச்சர்கள் அச்செய்தியை மறைத்துப் படையைக் காத்தனர். அன்னாரின் உடல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸில் அடக்கம் பெற்றுள்ளது. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் கடலூரை மீட்க ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்ததும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1784 ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையுடன் இரண்டாம் மைசூர்ப் போர் முடிவுற்றது.

நிறைவாக

எழுத்தறியாத ஒருவர் உப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் இயல்பை ஆராய்ந்து, அயலார் நுட்பத்தைக் கற்று, அதனை அவர்களே வியக்கும் அளவுக்கு வளர்த்தார் என்பது பெருமைக்குரியது. அறிவு எவரிடம் இருப்பினும் நாடிச் சென்று பெறவேண்டும் என்பதே ஹைதர் அலி நமக்கு விட்டுச் சென்ற பாடம். பிரெஞ்சுக்காரர், பிராமண அமைச்சர், உப்பிலியர், குதிரைக்காரர் என எவரிடமும் கற்கவும் எவரையும் நம்பவும் அவர் தயங்கவில்லை.

அதே வேளை, அவர் ஏவிய தீயில் வெந்த ஊர்களும் நம்முடையவையே. அவற்றை மறந்து அவரைத் துதிப்பதும், அவற்றை மட்டுமே நினைந்து அவரைத் தூற்றுவதும் வரலாறு ஆகா. பெரியோர் வாழ்வை நிறையும் குறையும் ஒருசேர வைத்து நோக்கும் நடுநிலையே கல்வியின் பயன்.

மாணவச் செல்வங்கள் விடுமுறையில் ஒருநாள் குண்டு சாலை வழியே தேவனாம்பட்டினம் சென்று சிதைந்த கோட்டையைக் காணுங்கள். பறங்கிப்பேட்டைக் கடலோரத்து மணலில் சிறிது நேரம் நில்லுங்கள். சிதம்பரத்து மதிலை அண்ணாந்து நோக்குங்கள். முதியோரிடம் கேட்டு, ஊர்ப் பெயர்களையும் வழிவழிச் செய்திகளையும் குறித்து வையுங்கள். உப்பெடுத்தோர், வண்டியோட்டியோர், ஊரை இழந்தோர் ஆகியோரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதும் கடமை உங்களைச் சார்ந்தது.